பூதத்தின் நாக்கும் மனிதரின் அணையும்

நார்வே என்று சொன்னதும் இன்று பலர் கைப்பேசியைத் திறந்து காட்டும் படம் ஒன்று உண்டு. செங்குத்தான மலைமுகத்திலிருந்து கல்லாலான ஒரு நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் எறும்பளவில் ஒரு மனித உருவம். நாக்கின் அடியில் வெறும் காற்று. வெகு ஆழத்தில் நீலமாக ஓர் ஏரி. அந்தப் பாறைக்கு ட்ரோல்டுங்கா என்று பெயர். நார்வே நாட்டார் கதைகளில் வரும் மலைப்பூதத்துக்கு ட்ரோல் என்பார்கள். டுங்கா என்றால் நாக்கு. கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில், ஏரிக்கு மேல் சுமார் 700 மீட்டரில் அது தொங்குகிறது. படத்தைப் பார்ப்பவர் வாயில் முதலில் வருவது 'மனிதக் கை படாத இயற்கை' என்ற பேச்சுதான். ஷெக்கெடால் பள்ளத்தாக்கிலிருந்து நாக்கு வரை போய்த் திரும்ப 27 கிலோமீட்டர். அதை நடந்து முடித்தவர் அந்தப் பேச்சை அப்படியே திருப்பிச் சொல்ல மாட்டார். பாறையைச் செய்தது பனி. அதற்கு வழி செய்ததும், அதன் கீழே ஏரியை இந்த அளவுக்கு நிறைத்ததும், எதிரே விழுந்துகொண்டிருந்த அருவியை நிறுத்தியதும் மனிதர்கள். இந்த மலையை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தப் பயணம் எனக்கு உறுதிப்படுத்திய கருத்து.

மலை தொடங்குவதற்கு முன்பே அதற்கான சாட்சி தொடங்கிவிடுகிறது. ஹார்டாங்கர் ஃபியோர்டின் தென்கிளையான சோர்ஃபியோர்டின் கரையில் டிஸ்ஸெடால் என்ற சிற்றூர். அங்கே நீரோரத்தில் உயரமான சன்னல்கள் வரிசையாக அமைந்த, தேவாலயத்தையோ அரண்மனையையோ நினைவூட்டும் நீண்ட கட்டடம் ஒன்று நிற்கிறது. பின்புறமுள்ள மலைச்சரிவில் மேலிருந்து கீழாக ராட்சதக் குழாய்கள் இறங்குகின்றன. அது நீர்மின் நிலையம். தோர்வால்ட் ஆஸ்ட்ரப் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. நார்வே சுவீடனிடமிருந்து பிரிந்து தனிநாடானது 1905இல். அடுத்த ஆண்டே இந்தப் பள்ளத்தாக்கின் நீரை மின்சாரமாக்க நிறுவனம் தொடங்கப்பட்டது. 1908இல் மின்சாரம் ஓடத் தொடங்கியது. நிலையம் 1989 வரை வேலை செய்து ஓய்வு பெற்றது. இன்று அது பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம். நீர்மின்சாரத்துக்கும் தொழில்துறைக்குமான அருங்காட்சியகத்தின் பகுதி. உள்ளே பெல்டன் டர்பைன்கள் வரிசையாக உறங்குகின்றன. நாக்கைப் பார்க்க வரும் வண்டிகளில் பெரும்பாலானவை இந்தக் கட்டடத்தைத் தாண்டி, நிற்காமல் மேலே போகின்றன.

டிஸ்ஸெடாலின் மின்சாரம் முதலில் போய்ச் சேர்ந்தது ஃபியோர்டின் முனையிலுள்ள ஒடா நகரத்துக்கு. ஒடா அதற்கு முன் ஓர் உல்லாச ஊர். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் கப்பலில் வந்து இறங்கி, பனிமலைகளையும் அருவிகளையும் பார்த்துப் போனார்கள். ஜெர்மனியின் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மும் வந்திருக்கிறார். 1908இல் அதே ஊரில் கார்பைடு ஆலையின் உலைகள் எரியத் தொடங்கின. கார்பைடு கல் நம் ஊரில் மாம்பழத்தைக் கள்ளத்தனமாகப் பழுக்க வைத்துப் பெயர் கெட்டது. வெல்டிங் பட்டறைகளில் வாயு தந்து பிழைத்தது. சுண்ணாம்பையும் நிலக்கரிக் கரியையும் மின்வில்லின் கடும் வெப்பத்தில் உருக்கினால்தான் அது கிடைக்கும். ஆகவே மலிவான மின்சாரம் எங்கே உண்டோ அங்கே ஆலை போகும். கார்பைடிலிருந்து தழைச்சத்து உரம் வந்தது. பிறகு, 1920களின் இறுதியில், அந்த ஆலையின் வேதியியலாளர் எர்லிங் ஜான்சன் பாஸ்பேட் பாறையை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து உரமாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். உலகம் அதை இன்றும் ஒடா முறை என்றே அழைக்கிறது. நைட்ரோபாஸ்பேட் வகைக் காம்ப்ளக்ஸ் உரம் மும்பையின் ட்ராம்பேயிலும் தயாராகி இந்திய வயல்களுக்கு வந்திருக்கிறது. ஒரு மூட்டை காம்ப்ளக்ஸை வரப்பில் இறக்கி வைக்கும் விவசாயிக்கும் இந்தப் பள்ளத்தாக்குக்கும் அப்படி ஓர் உறவு இருக்கிறது.

இதைச் சொல்லும்போது கணக்கின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஒடாவின் துத்தநாக ஆலைக் கழிவு பல பத்தாண்டுகள் ஃபியோர்டுக்குள் போனது. 1970களில் சோர்ஃபியோர்டு கனஉலோகங்களால் உலகிலேயே மிக மோசமாக மாசுபட்ட ஃபியோர்டுகளில் ஒன்றாகப் பேசப்பட்டது. 1980களின் நடுவில்தான் கழிவைக் கடலில் கொட்டுவது நின்று, மலைக்குள் குடைந்த அறைகளில் சேமிக்கும் வழக்கம் வந்தது. கார்பைடு ஆலை 2003இல் திவாலாகி மூடப்பட்டது. நார்வேயின் தொழில்துறைப் பாரம்பரியத்தை யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கும் பேச்சு எழுந்தபோது ஒடாவும் டிஸ்ஸெடாலும் அதில் இருந்தன. 2015இல் பட்டியலேறியது ரியூகானும் நோட்டோடனும் மட்டுமே. ஆலை மங்கி, பாறை புகழடைந்த காலமும் ஏறத்தாழ இதுவே. ஊர் முதலில் அருவியைக் காட்டிப் பிழைத்தது, பிறகு அருவியை விற்றுப் பிழைத்தது, இப்போது பாறையைக் காட்டிப் பிழைக்கிறது. மூன்று பிழைப்புக்கும் முதல் ஒரே மலைதான்.

டிஸ்ஸெடாலிலிருந்து குறுகலான சாலை ஷெக்கெடாலுக்கு ஏறுகிறது. அது முடியும் இடத்தில் பள்ளத்தாக்கை அடைத்துக்கொண்டு ரிங்கெடால் அணை நிற்கிறது. 1910க்கும் 1918க்கும் இடையில் கட்டியது. சுமார் 500 மீட்டர் நீளம், 30 மீட்டருக்கு மேல் உயரம். முகப்பு முழுக்க வெட்டிச் செதுக்கிய கிரானைட் கல். அருகில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லின் விளிம்பிலும் உளி நடந்த தடம் தெரியும். ஒரு கல்லைப் போல மற்றொன்று இல்லை. இங்கே முன்பே இயற்கையாக ஓர் ஏரி இருந்தது. அணை அதன் மட்டத்தை உயர்த்தி நீர்த்தேக்கமாக்கியது. ட்ரோல்டுங்கா படத்தில் எல்லோரும் வியக்கும் நீலப் பட்டை இந்தத் தேக்கத்தின் நீர்தான். மின்சாரத்துக்காக நீரை எடுக்க எடுக்க மட்டம் இறங்கும். அப்போது கரையைச் சுற்றி செடிகொடி இல்லாத வெளிர்நிறப் பாறை வளையம் ஒன்று வெளியே தெரியும். கிணற்றின் உட்சுவரில் நீர் இறங்கிய தடம் தெரிவது போலத்தான். படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஏரி நிறைந்திருக்கும் நாளையே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே அந்த வளையம் படங்களில் அதிகம் வருவதில்லை.

நடை தொடங்கும் இடமே கடுமையானது. முதல் நான்கு கிலோமீட்டருக்குள் மோகெலிடாப் என்ற மேட்டுக்கு ஏற வேண்டும். முழு நடையின் 800 மீட்டர் ஏற்றத்தில் பெரும்பங்கு இந்தத் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. சரிவின் ஓரமாகத் துருப்பிடித்த தண்டவாளம் ஒன்று நேராக வானத்தை நோக்கிப் போகிறது. மோகெலி விஞ்ச் ரயில் அது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீர்மின் வேலைக்கான ஆட்களையும் பொருள்களையும் மலைமேல் கொண்டுபோகப் போட்டது. பழனி மலையின் இழுவை ரயில் போலக் கம்பிவடம் இழுக்கும் பெட்டி. இப்போது ஓடுவதில்லை. பிற்காலத்தில் கொண்டை ஊசி வளைவுகளோடு மலைமேல் போட்ட சாலையில் சுமார் 30 வண்டிகள் மட்டும் மேலே நிறுத்த இடம் தருகிறார்கள். அங்கிருந்து தொடங்கினால் நடை 20 கிலோமீட்டராகக் குறையும். நார்வேயின் மலைத்தடங்கள் பலவற்றில் காலுக்குக் கீழே அடுக்கிய கல்படிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. இந்த நூற்றாண்டில் நேபாளத்திலிருந்து ஷெர்பாக்களை வரவழைத்து, அவர்கள் ஊர்ப் பாணியில் சிமெண்டு இல்லாமல் கல்லோடு கல் கவ்வும்படி படி கட்டச் செய்தார்கள். ப்ரைகெஸ்டோலன் என்ற புகழ்பெற்ற பாறை மேடைக்கான தடத்தைச் சீரமைத்தவர்கள் அவர்களே. 'காட்டு வழி' என்று நாம் சொல்லிக்கொண்டு நடக்கும் தடம், இமயமலையில் பழகிய கைகளால் செய்யப்பட்டதாக இருக்கலாம்.

மோகெலிடாப்பைத் தாண்டியதும் நிலம் விரிகிறது. மரங்கள் கீழேயே நின்றுவிட்டன. கருஞ்சாம்பல் பாறைத் தளங்கள் மழையில் நனைந்து மின்னுகின்றன. அவற்றின் குறுக்கே வெள்ளைக் கோடாகக் குவார்ட்ஸ் ஓடுகிறது. பாறைகளுக்கு இடையில் கரி நிறச் சேறு. கால் வைத்தால் கணுக்கால் வரை இழுக்கும். சேற்றின்மேல் பஞ்சுப் புல்லின் வெள்ளைக் குஞ்சங்கள் காற்றுக்குத் தலையாட்டுகின்றன. ஜூலையிலும் நிழல் விழும் சரிவுகளில் பழைய பனி கிடக்கிறது. மேற்கே வானம் தெளிந்தால் ஃபியோர்டுக்கு அப்பால் ஃபோல்கெஃபொன்னா பனிப்பரப்பு வெளிறிய கூரை போலத் தெரிகிறது. இவ்வளவு வெறிச்சோடிய நிலத்திலும் சில நூறு அடிக்கு ஒரு முறை ஏதாவது ஒரு கல்லில் சிவப்பு வண்ணத்தில் T என்ற எழுத்து இருக்கும். 1868இல் தொடங்கிய நார்வே மலையேற்றச் சங்கத்தின் அடையாளம் அது. மூடுபனி இறங்கும்போது அந்த ஒற்றை எழுத்துதான் வழி. யாரோ ஒருவர் வண்ண டப்பாவோடு இத்தனை தூரம் நடந்து, வெளிறிய எழுத்தின் மேல் மறுபடி பூசியிருக்கிறார் என்பதை அந்தப் பளிச்சென்ற சிவப்பு சொல்கிறது.

நடக்கும் உரிமையும் மனிதர் செய்ததே. நார்வேயில் சாகுபடி செய்யாத நிலம் யாருடைய சொத்தாக இருந்தாலும் எவரும் அதன் வழியே நடக்கலாம், இரவு கூடாரம் அடிக்கலாம். நெடுநாள் வழக்கமாக இருந்ததை 1957இல் சட்டமாக எழுதினார்கள். திறந்தவெளி வாழ்வு என்று பொருள்படும் ஃப்ரிலுஃப்ட்ஸ்லிவ் என்ற சொல்லை நார்வேஜியர் தம் பண்பாட்டின் பெயராகவே சொல்வார்கள்; அது நாடகாசிரியர் இப்சனின் 1859ஆம் ஆண்டுக் கவிதை ஒன்றில் வந்த சொல். அந்தக் காலத்தில்தான் ஆஸ்பியோர்ன்சனும் மோவும் கிராமம் கிராமமாகச் சேகரித்த பூதக் கதைகள் வீடுகளில் வாசிக்கப்பட்டன. நூற்றாண்டின் இறுதியில் தியோடோர் கிட்டெல்சன் மலையையே பூதமாக, பூதத்தையே மலையாக வரைந்தார். சூரிய ஒளி பட்டால் ட்ரோல் கல்லாகிவிடும் என்பது கதை. தனி நாடாக நிற்க விரும்பிய சிறிய இனம் ஒன்று தன் மலைகளுக்கு முகம் வரைந்து, மூக்கும் நாக்கும் வைத்தது. 'ட்ரோல்டுங்கா' என்ற பெயரைக் கேட்கும்போதே நாம் பாறையோடு சேர்த்து இந்தக் கற்பனையையும் பார்க்கிறோம்.

இங்கே ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: பெயரும் படியும் அணையும் மனிதருடையவை, சரி, பாறை யாருடையது? நியாயமான கேள்வி. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையான கற்பாறை இது. பனியூழிகளில் கனத்த பனிக்கட்டி இந்தப் பள்ளத்தாக்கை அரைத்து, சுவர்களைச் செங்குத்தாக்கி, அடியை அகலமாக்கிவிட்டுப் போனது. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன், பனி பின்வாங்கிய காலத்தில், பாறையின் வெடிப்புகளில் இறங்கிய நீர் உறைந்தது. உறையும்போது நீர் ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். ஒவ்வொரு குளிர்காலமும் ஆப்பு அடித்தது போல வெடிப்பு விரிந்தது. கோணங்கோணமான பெருங்கற்கள் பிளந்து ஏரிப்பக்கம் விழுந்தன. விழாமல் எஞ்சிய ஒரு பலகைதான் இந்த நாக்கு. இதில் மனிதருக்குப் பங்கு எதுவும் இல்லை. ஆனால் இந்தப் பாறையை மட்டும் பார்க்க எவரும் வருவதில்லை. அதன் கீழுள்ள வெளியையும் அந்த வெளியின் அடியிலுள்ள நீரையும் சேர்த்துப் பார்க்கத்தான் வருகிறார்கள். பாறையை எடுத்து ஒரு சமவெளியில் வைத்தால் அது பத்தோடு பதினொன்றான ஒரு கல். அதைக் காட்சியாக்குவது சூழல். அந்தச் சூழலில் நீர் எவ்வளவு உயரம் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது ஒரு மின் நிறுவனம்.

இரண்டாவதாக எழும் மறுப்பு நடப்பவரின் உடம்பிலிருந்து வருகிறது. க்ரூட்டெஸ்காரெட்டிலிருந்து ட்ரோம்போஸ்காரெட் கணவாய்க்கு ஏறும் செங்குத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பவரிடம் போய் 1908 என்றும் கார்பைடு என்றும் பேசினால் கோபம்தான் வரும். ஏற்றம் அவருடையது, வலி அவருடையது, இதில் அணைக்கு என்ன வேலை என்பார். போக வர 10 முதல் 12 மணி நேரம் பிடிக்கும் நடை என்பது எளிதல்ல. அந்த உழைப்பைக் குறைத்துப் பேசும் எண்ணம் எனக்கு இல்லை. அவர் நிற்கும் இடத்தைச் சுற்றிப் பார்த்தால் போதும். கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் எண் எழுதிய பலகை. வானிலை திரும்பினால் ஒதுங்க அவசரக் குடில். பருவ காலத்தில் தடத்தில் மேலும் கீழும் நடந்து, நேரம் கடந்து ஏறுகிறவர்களிடம் பேசித் திருப்பி அனுப்பும் மலைக்காவலர்கள். நார்வேயில் பள்ளிக் குழந்தைக்கும் தெரிந்த மலைவிதிகள் ஒன்பது உண்டு. 1967 ஈஸ்டர் விடுமுறையில் மலைகளில் 18 பேர் இறந்த பிறகு நாடு முழுவதும் பரப்பப்பட்டவை அவை. உரிய நேரத்தில் திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கம் இல்லை என்பது அவற்றில் எல்லோர் வாயிலும் இருப்பது. தனி மனித சாகசமாகத் தோன்றுவது இறந்தவர்களிடமிருந்து கற்ற பாடத்தின் மேல் நடக்கிறது. குளிர்காலத்தில் கல்லும் இரும்பும் சுமந்து இதே சரிவில் ஏறிய தொழிலாளிக்கு இந்த விதிகளும் இல்லை, குடிலும் இல்லை.

கணவாயைத் தாண்டி, ஸ்டோரெ ஃப்ளோரன், ஹெஸ்டெஃப்ளோனெ என்ற மேட்டுவெளிகளைக் கடந்து போகும்போது ஏரியின் தலைப்பக்கம் எதிரே திறக்கிறது. இந்தப் பயணத்தில் மிக முக்கியமான காட்சி எது என்று என்னைக் கேட்டால் நாக்கைச் சொல்ல மாட்டேன். இங்கே தெரியும் வெற்றுப் பாறைச்சுவரைத்தான் சொல்வேன். டிஸ்ஸெஸ்ட்ரெங்கெனே அருவி விழுந்த இடம் அது. ஸ்ட்ரெங்கெனே என்றால் இழைகள், கம்பிகள். ஒரே ஆறு பிரிந்து இழைகளாக மொத்தம் 646 மீட்டர் இறங்கிய அருவி; அதில் சுமார் 300 மீட்டர் எதிலும் படாமல் நேரே விழுந்தது. பக்கத்திலிருந்த ரிங்கெடால் அருவியும் அதற்கு ஈடான புகழோடு இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தவர்கள் ஏரியில் துடுப்புப் படகில் போனது இந்த நீர்வீழ்ச்சிகளைப் பார்க்கத்தான். பாறை நாக்கு அப்போதும் மேலே நீட்டிக்கொண்டுதான் இருந்தது. அதற்காக வந்தவர்கள் அரிது. 1967இல் ஷெக்கெடாலில் இரண்டாவது மின்நிலையம் இயங்கத் தொடங்கியதும் ஆற்று நீர் சுரங்கக் குழாய்க்குள் திரும்பியது. இன்று ஆண்டில் பெரும்பகுதி பாறைச்சுவரில் கறை மட்டும் இருக்கிறது. பனி உருகும் காலத்திலோ பெருமழைக்குப் பிறகோ, தேக்கம் வழிந்தால், பழைய இழைகள் சில நாள் உயிர்பெறும். ஒரு நூற்றாண்டுக்குள் இந்தப் பள்ளத்தாக்கின் 'இயற்கை அதிசயம்' இடம் மாறிவிட்டது. இயற்கை மாறியதால் அல்ல. மனிதருக்கு எது தேவை, எது பார்க்கத் தகுந்தது என்பது மாறியதால்.

மூன்றாவது மறுப்புதான் எல்லாவற்றிலும் கனமானது. எல்லாம் மனிதக் கை பட்டதுதான் என்று ஒத்துக்கொண்டால், இனி எதைக் காப்பாற்றுவது? ஏற்கெனவே அணை இருக்கிறது, கேபிள் காரும் போடு, மேலே உணவு விடுதியும் கட்டு, இன்னும் நாலு அருவியைக் குழாயில் அடை என்று வாதிட இதுவே வழி திறக்காதா? திறக்காது என்பதற்கு நார்வேயின் வரலாறே ஆதாரம். அருவிகளை வெளிநாட்டு முதலாளிகள் வாங்கிக் குவிப்பதைத் தடுக்க 1906இலேயே அவசரச் சட்டம் வந்தது; 1909இல் வந்த சட்டம், உரிமக் காலம் முடிந்ததும் அருவியும் மின்நிலையமும் இழப்பீடின்றி அரசுக்குத் திரும்ப வேண்டும் என்றது. அருவியை விற்கலாம், நிரந்தரமாக விற்க முடியாது என்பது அதன் சாரம். 1970இல் மார்டோலா அருவியை மின்சாரத்துக்குத் திருப்பும் திட்டத்தை எதிர்த்து மக்கள் மலையில் உட்கார்ந்தார்கள். தத்துவவாதி ஆர்னே நெஸ்ஸை போலீசார் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. 1973இல் இன்னின்ன ஆறுகளில் கை வைக்கக் கூடாது என்று பட்டியலிட்ட முதல் பாதுகாப்புத் திட்டத்தை நாடாளுமன்றம் ஏற்றது. டிஸ்ஸெஸ்ட்ரெங்கெனே நின்றுபோன ஆறே ஆண்டுகளில் இது நடந்தது. எதை இழந்தோம் என்று பெயர் சொல்லத் தெரிந்தவர்கள்தான் அடுத்ததைக் காப்பாற்றக் குரல் கொடுத்தார்கள். வெற்றுப் பாறையைப் பார்த்து 'ஆகா, என்ன தூய்மையான இயற்கை' என்று வியப்பவருக்கு அங்கே ஓர் அருவி செத்தது தெரியாது. தெரியாதவர் அடுத்த அருவிக்காகவும் பேச மாட்டார்.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நார்வேயின் மின்சாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நீரிலிருந்து வருகிறது. நிலக்கரி எரித்து மின்சாரம் எடுக்கும் நாடுகள் அந்நாட்டைப் பார்த்துப் பொறாமைப்படுவதில் நியாயம் உண்டு. அருவி போனது இழப்பு. புகை வராதது ஆதாயம். இரண்டில் ஒன்றை மறைத்துவிட்டு மற்றொன்றை மட்டும் பேசுவது வசதியானது, நேர்மையானது அல்ல. நடந்து போகிறவரின் கைப்பேசியில் ஏறியிருக்கும் மின்சாரமும் இப்படிப்பட்ட ஏதோ ஒரு பாறைச்சுவரின் மௌனத்திலிருந்து வந்ததே. அந்தக் கைப்பேசியால்தான் அவர் நாக்கின் நுனியில் நின்று படம் எடுக்கப் போகிறார்.

நாக்கு ஒரு வளைவுக்குப் பின்னால் சட்டென்று வருகிறது. எதிர்பார்த்ததைவிடத் தடித்தது, அகலமானது; நுனியைத் தவிர வேறெங்கும் நிற்க அச்சம் தேவையில்லை. மேலேயிருந்து அதன் தளத்துக்கு இறங்கும் இடத்தில் பாறையில் இரும்புப் பிடிகள் அடித்திருக்கிறார்கள். படங்களில் காணாத ஒன்று இங்கே உண்டு: வரிசை. நல்ல வெயில் நாளில் நுனியில் ஒரு நிமிடம் நிற்க ஒரு மணிக்கு மேலும் காத்திருக்க வேண்டியிருக்கும். தனியாக நிற்பது போலத் தோன்றும் அந்த எறும்பு உருவத்தின் பின்னால், படச்சட்டத்துக்கு வெளியே, பல மொழி பேசும் கூட்டம் தன் முறைக்காக நிற்கிறது. 2010க்கு முன்பு ஆண்டுக்கு 800 பேர்கூட வராத இடம் இது. 2016இல் வந்தவர்கள் சுமார் 80,000 பேர். பாறை ஒரு அங்குலமும் மாறவில்லை; மாறியது படம் பரவும் வேகம். இந்த வரிசையைப் பழிப்பது எளிது. கோயில் வாசலில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தப் பழிப்பு பொருந்தாது. இந்த வரிசையில் யாரும் முண்டியடிப்பதில்லை. முன்பின் தெரியாதவர் ஒருவர் மற்றவருக்குப் படம் எடுத்துக் கொடுக்கிறார். கூட்டமாக நின்றபடி தனிமையைப் படம் பிடிக்கிறோம் என்பதை மட்டும் நாமே ஒப்புக்கொண்டால் போதும்.

கூட்டத்துக்கு விலை உண்டு. இந்த மலையில் ஆண்டுக்குப் பல பத்து மீட்புப் பணிகள் நடந்திருக்கின்றன. 2015இல் வெளிநாட்டு மாணவி ஒருவர் விழுந்து இறந்தார். சாதாரணக் காலணியோடு, மழைச்சட்டை இல்லாமல், மதியத்துக்குப் பிறகு ஏறத் தொடங்கியவர்களைத் தேடி இருட்டில் மேலே போகிறவர்கள் பெரும்பாலும் ஊரைச் சேர்ந்த செஞ்சிலுவைத் தொண்டர்கள். மீட்கப்பட்டவரிடம் அவர்கள் காசு வாங்குவதில்லை; பகலில் வேறு வேலை செய்துவிட்டு இரவில் மலையேறுகிறார்கள். ஆகவே மேலே வண்டி நிறுத்துவதற்குக் கட்டணம், எண்ணிக்கைக்கு வரம்பு, குளிர் மாதங்களில் வழிகாட்டி இல்லாமல் போகாதே என்ற அறிவுரை ஆகியவற்றை 'இயற்கைக்குக் கட்டணமா' என்று கேட்டு முகம் சுளிப்பவர்களோடு நான் உடன்படவில்லை. நடக்கும் உரிமைக்கு இன்றும் கட்டணம் இல்லை. சாலைக்கும் கழிப்பறைக்கும் காவலருக்கும்தான் கட்டணம். மலை மனிதக் கை படாதது என்று நம்புகிறவருக்குத்தான் அது அநியாயமாகப் படும். மலையின் ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவரின் கூலி இருக்கிறது என்று தெரிந்தவருக்கு அது பாக்கியில் ஒரு பகுதி.

திரும்பும் நடை நீளமானது. போன வழியே வர வேண்டும். மாலை வெளிச்சம் சாய்வாக விழும்போது சிவப்பு T எழுத்துகள் இன்னும் பளிச்சென்று தெரிகின்றன, ஏரி கறுக்கிறது, அணையின் வெட்டுக்கற்களில் உளித் தடங்களின் நிழல் நீள்கிறது. முழங்கால் கெஞ்சும்; ஊருக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருக்கும். அன்று படுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன் டிஸ்ஸெடாலில் வண்டியை நிறுத்தி, அந்த உயர்ந்த சன்னல்கள் கொண்ட பழைய மின்நிலையத்துக்குள் ஒரு மணி நேரம் போய்வாருங்கள். நாக்கின் நுனியில் நின்று பார்த்த நீர் இறங்கி வந்து சேர்ந்த இடம் அது. அதைப் பார்க்காமல் திரும்புகிறவர் பாதி மலையைத்தான் பார்த்திருக்கிறார்.